பழைய ஃபோர் வீல் டிரைவில் முன் சஸ்பென்ஷன் புஷ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“புது புஷ் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கிழிந்துவிட்டது, சாமானே மட்டம்” என்று புலம்புபவர்கள் நிறைய. சாமான் மட்டமாக இருப்பதும் உண்டுதான். ஆனால் அதைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: நடு போல்ட்டை முழுசாக இறுக்கியபோது வண்டி எப்படி நின்றது? ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால், கிழிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலும் பொருள் இல்லை. வெளியே இரும்பு ஓடு, உள்ளே ஒரு ஸ்லீவ் (போல்ட் நுழையும் குழல்), நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் ஸ்லீவை பிராக்கெட் கவ்விக்கொள்ளும். ஓடு ஆர்மோடு, அதாவது சக்கரத்தையோ ஆக்ஸிலையோ சேஸிஸோடு இணைக்கும் கையோடு, இறுகி இருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்த நிலையைத்தான் தன் இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கிய நொடியே அது முறுக்கேறி நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அந்த முறுக்கு போகாது. அப்புறம் பள்ளம் மேடு வரும்போது தாங்கும் எல்லையைத் தாண்டிக் கிழிகிறது.

ஆகவே எல்லா போல்ட்டையும் முதலில் பட்டும் படாமலும் மாட்டுங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிய பிறகு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அடியில் கை நுழைய இடம் இல்லையென்றால், சாலிட் ஆக்ஸில் வண்டிக்கு (இரண்டு முன் சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் இருப்பது) ஸ்டாண்டைச் சேஸிஸில் வைக்காமல் ஆக்ஸிலுக்கு அடியில் வையுங்கள்; எடை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்துவிடும். டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிக் கொடுக்கும் கம்பி) உள்ள வண்டியில் முதலில் உயரத்தைச் சரிசெய்துவிட்டு, புஷ் போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் செய்த வேலை வீண்.

கழற்றும் முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘டொக்’ என்று சத்தம் கேட்டாலே புஷ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் எல்லாமே இதே மாதிரி கத்தும். ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு இருந்தால் மட்டும் பழுது என்று சொல்ல முடியாது. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து அசைத்தால் தெரிந்துவிடும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடுக்கு இன்னும் சுலபம். வண்டியைத் தரையில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்ட, நீங்கள் ராடின் முனைகளைப் பாருங்கள். ராடின் முனை வளையத்துக்குள் ஸ்லீவ் ஆடினால் புஷ் போய்விட்டது. பிராக்கெட் ஓட்டைக்குள் போல்ட்டே ஆடினால், ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அங்கே எத்தனை புஷ் மாற்றினாலும் ஸ்டியரிங் உதறல் நிற்காது. பிராக்கெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸில் முன்பின் நகராமல் பிடிக்கும் நீள ஆர்ம்) உள்ள வண்டியில் இரண்டு ஆர்மையும் ஒரே சமயத்தில் கழற்றாதீர்கள். பிடிமானம் போன ஆக்ஸில் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். மறுபடி ஓட்டைகளை நேர்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு பக்கம் மாட்டி முடித்த பிறகு அடுத்த பக்கம். டார்ஷன் பாரோ காயில் ஸ்பிரிங்கோ தாங்கும் கீழ் ஆர்மை, அந்த விசையைத் தளர்த்தாமல் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. பார் இருந்த நிலையை அடையாளமிட்டு, அட்ஜஸ்டர் போல்ட்டின் நீளத்தையும் அளந்து வைத்துவிட்டுத் தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய புஷ்ஷைக் கொளுத்தி எடுப்பதைப் பலர் குறுக்குவழியாக நினைக்கிறார்கள். எரியும் ரப்பரின் புகை விஷம். ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, இரும்பு ஓட்டினை ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து அறுப்பது மேல். முழுசாக அறுக்க வேண்டாம். நூல் அளவு மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி உளியால் மடக்கினால் ஓடு சுருங்கி வெளியே வரும், ஆர்மின் உள்சுவரில் கீறல் விழாது. ஆனால் சில பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக்) கிட்கள் பழைய ஓட்டுக்குள்ளேயே உட்காரும்படி செய்யப்பட்டவை. கிட்டோடு வரும் தாளைப் படிக்காமல் அந்த ஓட்டினை அறுத்து எறிந்துவிட்டால் பிறகு தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

புதியதை உள்ளே தள்ளும்போது விசை வெளி ஓட்டின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். நடு ஸ்லீவை வைத்து அழுத்தினால், போடும்போதே ரப்பர் பிய்ந்துவிடும். அதற்கு முன் ஆர்மின் உள்சுவரில் உள்ள துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும்; எண்ணெயும் சாதாரண கிரீஸும் ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். சில ரப்பர் புஷ்களில் பிறை வடிவ இடைவெளிகள் இருக்கும். அது அச்சுக் குறை இல்லை, எந்தத் திசையில் இளக வேண்டும் என்று திட்டமிட்டு விட்டது. கழற்றும் முன்பே அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஆர்மில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) திருத்தும் புஷ்ஷில் போல்ட் நுழையும் துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் காஸ்டர் கூடுவதற்குப் பதில் குறையும், ஸ்டியரிங் நேராக நிற்காது.

பாலியூரித்தேன் எல்லா இடத்துக்கும் உசத்தி என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பான்ஹார்ட் ராடில் அது நன்றாக வேலை செய்யும். ரேடியஸ் ஆர்மில், ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது புஷ் பக்கவாட்டிலும் வளைந்து கொடுக்க வேண்டும். அங்கே கடினமான புஷ் ஆக்ஸிலின் அசைவைக் கட்டிப்போடும், பிராக்கெட்டுக்கும் பளு ஏறும். கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர் என்றால் நல்ல ரப்பரே மேல். பாலியூரித்தேன்தான் வேண்டும் என்றால், கிட்டில் வரும் கிரீஸைக் கஞ்சத்தனம் இல்லாமல் தடவுங்கள். அதில் ஸ்லீவ் உண்மையிலேயே சுழல்கிறது, வறண்டால் கீச்சிடும்.

கன்ட்ரோல் ஆர்ம் வண்டியில், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட் இருந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அந்தக் குறி, அலைன்மென்ட் செய்யும் இடம்வரை டயரைத் தேய்க்காமல் போய்ச் சேர மட்டும்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா போல்ட்டிலும் ஒருமுறை டார்க் ரென்ச்சைப் போட்டுப் பாருங்கள்.