வாளையாறுக்கு இருபுறமும் சீட் கிடைத்தால் செய்யக்கூடாத தவறுகள்

வாளையாறு கேரள-தமிழ்நாட்டு எல்லை. அதை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ முடித்ததும் இரண்டு மாநிலத்திலும் விண்ணப்பம் போடுகிறார்கள். காலிகட் யுனிவர்சிட்டி, கேரள இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வான கீம் ஒரு பக்கம்; கோவைக் கல்லூரிகளுக்கான தமிழ்நாட்டுக் கவுன்சலிங் மறுபக்கம். அலாட்மென்ட் வந்த பிறகு நடக்கும் தவறுகளில் பாதி, இந்தப் பக்கத்து விதிதான் அந்தப் பக்கமும் என்று நினைப்பதால் வருபவை.

மேல் ஆப்ஷனை அப்படியே விட்டுவிடுவது

அதிகம் பேர் சீட்டைக் கோட்டைவிடுவது இங்கேதான். காலிகட் யுனிவர்சிட்டிக்குக் கொடுத்த விருப்பப் பட்டியலில் பாலக்காடு விக்டோரியா கல்லூரி முதல் ஆப்ஷன், சித்தூர் அரசுக் கல்லூரி மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம். சித்தூர் கிடைக்கிறது, வீட்டுக்குப் பக்கம், போதும் என்று பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் மேலே இருக்கும் இரண்டு ஆப்ஷனையும் ரத்து செய்யவில்லை. அடுத்த அலாட்மென்ட்டில் விக்டோரியா விழுந்தால் அந்த நிமிடமே சித்தூர் சீட் அடுத்த ரேங்க்காரருக்குப் போய்விடும். அழுதாலும் திரும்ப வராது. கிடைத்ததே போதும் என்றால், அடுத்த பட்டியலுக்கு முன் மேல் ஆப்ஷன்களை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததை மறுபடி சேர்க்க முடியாது, அதனால் ஒரு ராத்திரி யோசித்துவிட்டே செய்யுங்கள்.

தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கிலும் (டிஎன்இஏ) இதே கதை. கிடைத்ததை ஏற்று மேலே காத்திருப்பதாகக் கொடுத்து, மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். கெடுவுக்குள் எந்தப் பட்டனையும் அழுத்தாமல் இருந்தாலும் இடம் போகும்.

தப்பான பிரிவில் கட் ஆஃப் பார்ப்பது

கேரளத்தைச் சொந்த மாநிலமாகக் கொண்ட பிள்ளை எட்டு முதல் பிளஸ் டூ வரை பொள்ளாச்சியில் படித்திருந்தால் டிஎன்இஏ-வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓசி-யாகத்தான், அதாவது பொதுப் பிரிவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். போன வருட எம்பிசி கட் ஆஃபைப் பார்த்து மனக்கோட்டை கட்டினால் ஏமாற்றம்தான். தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் கதை வேறு: பிள்ளை கேரளத்தில் படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) வைத்துப் போட்டியிடலாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வேண்டும். கேரள அரசுப் பள்ளி கணக்கில் வராது. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங் சீட்டுக்கு உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை. கேரளத்தில் எஸ்இபிசி (பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீடு கேட்பவர்கள், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று காட்டும் நான்-கிரீமி லேயர் சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி-க்கு அந்தக் கேள்வியே இல்லை.

'90 சதவீத பிளேஸ்மென்ட்' போர்டை நம்புவது

எதில் 90 என்று கேளுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குப் போகும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு என்பதைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். சேர்ந்தவர் 120, முடித்தவர் 80, நேர்காணலுக்குப் பெயர் கொடுத்தவர் 50, வேலை பெற்றவர் 45 என்றால் போர்டில் 90 சதவீதம் எழுதலாம். சேர்ந்த 120 பேரை வைத்துப் பார்த்தால் அது 37.5. விளம்பரத்தில் வரும் பெரிய சம்பளம் ஒருவருடையதாகவும் இருக்கலாம், இடைநிலைச் சம்பளத்தையே பாருங்கள்.

இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளின் தரத்துக்குத் தரப்படும் என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருப்பது ஏஐ படிப்புக்கு உதவாது.

அவசரப்பட்டு ஒரிஜினல் கொடுப்பது

சீட் பிடித்துவைக்கப் பணமும் டி.சி.யும் ஒரு தனியார் கல்லூரியில் கொடுத்துவிட்டு, அரசுக் கல்லூரி கிடைத்ததும் திரும்ப வாங்க அலைவது வருடா வருடம் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யின் 2018 அறிவிப்புப்படி ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறு நிர்வாகக் கட்டணம் போக முழுப் பணம். அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அதற்கு மேல் எதுவும் இல்லை. விலகுவதாக எழுதிக் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். ரசீது இல்லாத பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது.

வருடக் கணக்கும் மொழியும்

கேரளத்தில் 2024 முதல் நான்கு வருட டிகிரி. மூன்றாவது வருடம் முடித்தும் பட்டத்தோடு வெளியே வரலாம். கோவையின் மூன்று வருடச் செலவோடு ஒப்பிடும்போது எத்தனை வருடம் படிக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் போய்வருபவர்கள், கேரளப் பஸ்ஸின் மாணவர் சலுகையை எல்லை தாண்டிக் கணக்குப் போட வேண்டாம்.

இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பாலக்காட்டில் சில கல்லூரிகளில் மட்டும்தான் தமிழ் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. மற்ற இடங்களில் பணம் கட்டும் முன் ஆபீஸில் நேரில் கேட்டுவிடுங்கள்.