குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையா? பிரேக் லைட்டைப் பாருங்கள்

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட வைப்பது குரூஸ் கன்ட்ரோல். பெரும்பாலான வண்டிகளில் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே குரூஸ் பிடிக்காது. அண்ணா சாலை நெரிசலில் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால்தான் மேலே படியுங்கள்.

என் வண்டியில் இப்படி ஆனபோது, பானெட்டைக்கூடத் திறக்காமல் "ஈசியூ போச்சு சார்" என்றார் ஒரு மெக்கானிக். ஈசியூ என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். ஆனால் போயிருந்தது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச். பிரேக்கை மிதித்தால் குரூஸ் விட்டுவிட வேண்டும்; மிதித்ததை ஈசியூவுக்குச் சொல்வதும் பிரேக் லைட்டை எரிய வைப்பதும் இந்த சுவிட்ச்தான்.

முதல் வேலை: இரவில் வண்டியைச் சுவர் பக்கம் பின்புறமாக நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு தெரிகிறதா? காலை எடுத்ததும் அணைகிறதா? எரியவில்லை என்றாலும் அணையவில்லை என்றாலும் கோளாறு இந்தப் பக்கம்தான். பல்பையும் ஃபியூஸையும் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம்.

லைட் சரியாக எரிந்தாலும் சுவிட்ச் தப்பிவிடாது. பல வண்டிகளில் அதற்குள் இரண்டு சுவிட்ச்: மிதித்தால் ஒன்று சேரும், இன்னொன்று பிரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ குரூஸை விடாது. இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். ஒரு ஜோடி பின்னில் மிதித்தால் மட்டும் பீப், இன்னொரு ஜோடியில் மிதிக்காதபோது மட்டும் பீப் வர வேண்டும். என்னுடையதில் இரண்டாவது ஜோடி ஊமை. சில புது வண்டிகளில் இதற்குப் பதில் காந்தத்தை உணர்ந்து வேலை செய்யும் ஹால் சென்சார் இருக்கும். அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் வேலை சுலபம். பி0571, பி0504 என்று வந்தால் பிரேக் சுவிட்ச் சர்க்யூட். பி0500 என்றால் வேக சென்சார் பக்கம். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கரத்துக்குப் போகும் வயரைக் கையால் தடவிப் பாருங்கள். மழைத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கும். எலி கடித்திருந்தால் பிளாஸ்டிக் உறை போய்ச் செம்பு பளிச்சென்று தெரியும். நம் ஊர் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அப்புறம் ஹாரன். ஹாரன், ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன், குரூஸ் மூன்றும் ஒன்றாகப் படுத்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் சுற்றினாலும் அதிலுள்ள பட்டன்களுக்கு இணைப்பு விடாமல் இருக்கும் சுருள் வயர்) அறுந்திருக்கலாம். மற்றதெல்லாம் நன்றாக இருந்து குரூஸ் பட்டன் மட்டும் சதி செய்தால் பட்டனையே சந்தேகப்படலாம். இரண்டுக்கும் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் நான் அங்கே கை வைப்பதில்லை. தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், அவரும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொடுவார்.

சுவிட்ச் வாங்கச் சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். பின் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் மாட்டாது.