சருகுக் குவியலில் நாயை விடும்போது நாம் செய்கிற தவறுகள்

ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோவில் மேப்பிள் கொட்டத் தொடங்கிவிட்டால் எங்கள் நாய் கறுவலைப் பிடித்து நிறுத்த முடியாது. நான் அரை மணி நேரம் வாரிக் குவித்ததை ஒரே பாய்ச்சலில் கலைத்துவிட்டு, மூக்கில் ஓர் இலை ஒட்டியபடி என்னைப் பார்க்கும். திட்ட மனம் வராது. விளையாடட்டும், சருகால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பாராமல் விடுவதில்தான் வம்பு.

குளிர் வந்ததும் உண்ணித் தொல்லை ஓய்ந்துவிடும் என்று நம்பியது நான் செய்த பெரிய தவறு. அந்த நினைப்பில் செப்டெம்பரோடு உண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டேன். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியோ, வெப்பம் 4 பாகை செல்சியஸைத் தாண்டினாலே நடமாடும். வளர்ந்த உண்ணிகள் அதிகம் அலைகிற மாதங்களில் ஒக்டோபரும் நவம்பரும் அடக்கம். ஈரச் சருகு அவற்றுக்குப் போர்வை மாதிரி. ஸ்காபரோவில் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நாயோடு நடக்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. நவம்பரில் ஒரு நாள் கறுவலின் காதுக்குப் பின்னால் தடவும்போது எள்ளளவில் ஏதோ தட்டுப்பட்டது. மரு என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மருவுக்குக் கால்கள் இருந்தன.

அந்த நேரத்தில் தீக்குச்சி, வாசலின், மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேராக இழுங்கள். லைம் கிருமி உண்ணியிலிருந்து நாயின் உடம்புக்குள் போகப் பொதுவாக ஒரு நாளாவது பிடிக்கும். ஆகவே விளையாடிவிட்டு வந்த அன்றே தேடினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். காதின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடி, கக்கம், விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள், சீப்பை விட விரலே நன்றாகக் கண்டுபிடிக்கும்.

வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு ஒரு சொட்டு விட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

அடுத்தது வாய். இலை ஒன்றிரண்டை மென்றால் அதிகம் போனால் வயிறு கலங்கும். வாடிய சிவப்பு மேப்பிள் இலை கொடிய நஞ்சுதான், ஆனால் குதிரைக்கு. நாய் வளர்க்கிறவர் அஞ்ச வேண்டியது இலையோடு சேர்த்து வாய்க்குள் போகிற சாமான்களை. ஓக் கொட்டை வயிற்றைப் புண்ணாக்கும், சிறிய நாய்க்குக் குடலையும் அடைக்கும். கறுப்பு வால்நட் காய் விழுந்து பூஞ்சை பிடித்துக் கிடந்தால் உடல் நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். வாரக்கணக்கில் நனைந்து கிடக்கும் பழைய குவியலிலும் உரக்குழியிலும் அதே வகைப் பூஞ்சை வளரலாம். புதிதாக வாரிய காய்ந்த சருகு போதும், பழையதில் விடாதீர்கள்.

காளான் என்றால் எனக்கு இன்னும் பயம். அமனிட்டா வகையில் சில வெள்ளைக் காளான்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும். தின்ற நாய் ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் நடக்காததுபோல் வாலாட்டும். பிறகு வாந்தி, பேதி. அதுவும் அடங்கி, சரி, தேறிவிட்டது என்று நாம் மூச்சுவிடும் வேளையில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே 'காலை வரை பார்ப்போம்' என்ற பேச்சே வேண்டாம். மிச்சக் காளானை ஒரு காகிதப் பையில் போட்டு நாயோடு மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டுவது தவறுக்கு மேல் தவறு.

இதே பருவத்தில்தான் அடுத்த வசந்தத்துக்காக டியூலிப், டாஃபடில் கிழங்குகளை நடுகிறோம். எலும்புத்தூள் உரமும் போட்டால் போதும், நாய்க்கு அது விருந்துக்கு விட்ட அழைப்பு. தோண்டித் தின்றால் கிழங்கும் நஞ்சு. பாத்தியின் மேல் கம்பி வலை விரித்துவிட்டால் தொல்லை விட்டது.

தெருவோரக் குவியல் வேண்டவே வேண்டாம். உடைந்த கண்ணாடி, வண்டியிலிருந்து ஒழுகிய அன்டிஃப்ரீஸ் (இயந்திரத்து நீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) எல்லாம் அங்கேதான் சேரும். அன்டிஃப்ரீஸ் இனிக்கும் என்பதால் நாய் நக்கும், கொஞ்சம் நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும். ரக்கூன் நடமாட்டத்துக்கு இந்த நகரில் குறைவில்லை. அதன் சிறுநீர் கலந்த ஈரத்திலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் தொற்றலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே குவியலை வாருகோலால் ஒருமுறை கிளறிப் பார்க்கிறேன். வாருகோலைச் சுவரில் சாய்த்த பிறகுதான் கறுவலை அவிழ்த்துவிடுவது. வீட்டுக்குள் வந்ததும் பழைய துவாய் ஒன்றில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, தேடு என்று அதுவே நான்கு காலையும் தூக்கிக்காட்டுகிறது.