போர்ச்சுகலில் கிறிஸ்துமஸ் காலம்: அண்டை வீட்டாரோடு கழிப்பது எப்படி?

வேலைக்காகப் போர்ச்சுகலில் குடியேறி முதல் டிசம்பரைச் சந்திக்கும் நம்மவர் பலர் ஒரே ஏமாற்றத்துக்கு ஆளாகிறார்கள். ஆண்டு முழுவதும் மாடிப்படியில் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டுப் பெண்மணி 24ஆம் தேதி இரவு விருந்துக்கு அழைப்பார் என்று காத்திருந்து, அழைப்பு வராதபோது மனம் சுருங்கிப் போகிறார்கள். கொன்சுவாடா எனப்படும் அந்த இரவு உணவு குடும்பத்தாருக்கே உரியது. தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு நாம் யாரையாவது அழைக்கிறோமா? உறவு கொண்டாட உகந்த நாட்கள் அந்த இரவுக்கு முன்னும் பின்னும்தான் இருக்கின்றன: டிசம்பர் 8 முதல் 23 வரை, பிறகு 26 முதல் ஜனவரி 6 வரை.

டிசம்பர் 8 பொது விடுமுறை. அதையொட்டிப் பல வீடுகளில் மரம் அலங்கரிக்கப்படும். பிரெசெப்பியோ எனப்படும் குடிலும் பாசி பரப்பி, மண் பொம்மைகள் அடுக்கி அமைக்கப்படும். ஆட்டிடையர், அப்பம் சுடுபவர், துணி துவைக்கும் பெண் என்று ஊரே அதில் இறங்கியிருப்பதால் நம் கொலுவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. "உங்கள் குடிலைப் பார்க்கலாமா?" என்று கேட்பதைவிட எளிதாக அந்த வீட்டுக்குள் நுழையும் வழியை நான் இதுவரை கண்டதில்லை. வயதில் மூத்த பெண்ணைப் பெயருக்கு முன் 'டோனா' சேர்த்தும், ஆணை 'சென்யோர்' சேர்த்தும் அழையுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'விசின்யா', அதாவது பக்கத்து வீட்டம்மா, என்பதே மரியாதையான விளிதான். 'போவாஷ் ஃபெஷ்டாஷ்' என்று அவர் வாழ்த்தினால் 'இகுவால்மென்த்' (உங்களுக்கும் அப்படியே) என்று சொன்னால் போதும். பெண்கள் இரு கன்னங்களிலும் கன்னம் ஒற்றி வரவேற்பார்கள். கூச்சமாக இருந்தால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்ற நம் வழக்கம் அங்கேயும் செல்லுபடியாகும். கோவா வழியாகப் போன சமோசா 'ஷமுசா' என்ற பெயரில் லிஸ்பன் காபிக் கடைகளில் சாதாரணமாக விற்கப்படுவதால், முறுக்கையோ பருப்பு வடையையோ அறிமுகப்படுத்துவது கடினமன்று. மிளகாயை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்களே என்றாலும் அவர்களுடைய அன்றாடச் சமையலில் காரம் குறைவு. ஆகவே பாதியாகக் குறைத்துப் போடுங்கள். பூங்கொத்து வாங்குவதானால் செவ்வந்தியை மட்டும் தொடாதீர்கள். நம் கண்ணுக்கு மங்கலமான அந்தப் பூ, அங்கே நவம்பர் 1ஆம் தேதி கல்லறைகளில் வைக்கப்படுவது. இது தெரியாமல் முதல் ஆண்டு நான் ஒரு கொத்து மஞ்சள் செவ்வந்தியை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்த மூதாட்டி ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தபடி அதை வாங்கி, உள்ளே கொண்டு போகாமல் பால்கனியில் வைத்தார்.

வீட்டு ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிஸ்பனில் பனி பெய்வதில்லை. ஆனால் பெரும்பாலான பழைய குடியிருப்புகளில் மைய வெப்ப ஏற்பாடு கிடையாது என்பதால், வெளியே விட உள்ளேதான் குளிரும். மின் இணைப்பின் உச்ச அளவு 3.45 கிலோவோல்ட் ஆம்பியர் (ஏறக்குறைய 3450 வாட்) மட்டுமே என்றால், 2000 வாட் ஹீட்டரையும் அதே அளவு மின்சாரம் இழுக்கும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டவுடன் வீடு இருண்டுவிடும். 24ஆம் தேதி கடைகள் முன்னதாகவே மூடப்படும், 25ஆம் தேதி பெரும்பாலும் திறக்கமாட்டா. ஆதலால் பாலும் ரொட்டியும் 23ஆம் தேதியே வீட்டில் இருக்கட்டும்.

எதிர்பாராமல் கொன்சுவாடாவுக்கே அழைப்பு வந்துவிட்டால் அதைப் பெரிய உரிமையாகக் கருதுங்கள். உப்பிட்டு உலர்த்திய காட் மீனான பகல்யாவை ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் வகைக் கீரை, முட்டை ஆகியவற்றோடு வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாக ஊற்றிப் பரிமாறுவார்கள். வடக்கே சில பகுதிகளில் மீனுக்குப் பதில் எண்காலி வரும். சைவ உணவுக்காரர் அழைப்பு வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். அதுவும் 'கார்னெ' (இறைச்சி), 'பெய்ஷெ' (மீன்) இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி மறுக்க வேண்டும். இல்லையென்றால் இறைச்சி மட்டும் ஒதுக்கப்பட்டு, மீன் வந்து சேரும். பேச்சுக்குப் பொருள் கிடைக்காதபோது அறையைச் சுற்றிப் பாருங்கள்: சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்களிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொன்னால் அந்த மேசையில் அதன்பின் மௌனம் இருக்காது.

இனிப்புகளில் அலெட்ரியா வந்தால் வியக்காதீர்கள். பாலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துக் கெட்டியாகக் கிண்டி, மேலே பட்டைத் தூளால் கோலம் போட்ட சேமியாதான் அது. போலோ ரெய் எனப்படும் வளைய வடிவக் கேக்கை 1829இல் தொடங்கிய லிஸ்பனின் கொன்ஃபெய்த்தரியா நசியொனால் கடைதான் அந்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது என்பார்கள். அதனுள் முன்பு ஓர் அவரை விதையை ஒளித்து வைப்பார்கள். அது யார் துண்டில் அகப்படுகிறதோ அவர் அடுத்த கேக்கை வாங்கித் தர வேண்டும். சாப்பிட்டவுடன் தட்டுகளை அள்ளிக் கழுவ எழுந்துவிடாதீர்கள். இறந்தோரின் ஆன்மாக்கள் வந்து உண்ணட்டும் என்று அந்த இரவு மேசையை ஒழிக்காமல் விடும் வழக்கம் வடக்கத்திக் குடும்பங்களில் உண்டு. படையல் போட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அழைப்பு வராதவர்கள் நள்ளிரவில் நடக்கும் 'சேவல் பூசை'க்குப் போகலாம். எம்மதத்தாரும் பின்வரிசையில் அமைதியாக அமரத் தடையில்லை. டிசம்பர் 31ஆம் தேதி இரவு கதவுகள் மிகத் தளர்வாக இருக்கும். பன்னிரண்டு மணியோசைக்குப் பன்னிரண்டு உலர்திராட்சை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். எண்ணி எடுத்துக் கோப்பையில் முன்பே போட்டுவைக்காவிட்டால் ஏழாவது மணியில் பின்தங்கிவிடுவீர்கள். பிறகு ஜன்னலில் நின்று பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். அந்தச் சமயம் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நீங்களும் ஒரு கடாயைத் தட்டுங்கள்.

ஜனவரி 6ஆம் தேதியோடு குடிலும் மரமும் பெட்டிக்குள் போய்விடும். விழாக்கால இனிப்பு வைத்து உங்களுக்குக் கொடுத்த தட்டு இன்னும் உங்களிடமே இருந்தால் அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். அடுத்த வாரமே பொங்கல் வருகிறது. தங்கள் பால்சோறான அரோஸ் டோஸுக்குப் பழகிய அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கலை விளக்க ஒரு வாக்கியம் போதும். சூடாக, முந்திரியை மேலே தூவி, அந்தத் தட்டிலேயே வைத்துக் கொண்டு போய்க் கொடுங்கள்.