48 மணி நேரம் மட்டுமே நிற்கக்கூடிய துறையில் படகைக் கயிறு கட்டி நிறுத்துவது எப்படி? இங்கிலாந்துக் கால்வாய்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கென்னட் அண்ட் ஏவான் கால்வாயில், பாத் நகரிலிருந்து ஒரு பகல் பயணத்தில், பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவான் என்ற சிற்றூர் வரும். உடன் வந்த அத்தைக்கு முழங்கால் வலி. ஊரை ஒட்டிப் படகைக் கட்டிவிட்டால் கடைத்தெருவரை மெல்ல நடந்து போய்வருவார் என்று அந்த ஊரையே குறிவைத்துப் போனோம். மாலை ஏழு மணிக்குச் சேர்ந்தபோது துறையில் இடமே இல்லை. நடுவில் நின்ற ஒரு படகின் கயிறு பாசி ஏறிப் பச்சையாகியிருந்தது; கூரையில் போன ஆண்டின் சருகு மக்கிக் கிடந்தது. அதற்கு நேர் எதிரே நட்டிருந்த பலகையில் '48 மணி நேரம்' என்று எழுதியிருந்தது.

லாக்கை, அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியை, கடந்து, இருட்டில் துழாவி, ஆழமில்லாத ஓரிடத்தில் கரைக்கு நான்கடி தள்ளிக் கட்டினோம். குறுக்கே பலகை போட்டு, இருவர் கைபிடித்து அத்தையை இறக்கினோம். மறுநாள் அந்தப் பலகையில் கால்வைக்க அவர் மறுத்துவிட்டார். ஊரைப் பார்க்காமலேயே திரும்பினார்.

நாம் கட்டியிருக்கும் ஒவ்வொரு வருகைத்துறையை நோக்கியும் அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சுக்கான் பிடிக்கவும் லாக் திறக்கவும் சொல்லித் தருகிறார்கள்; நேரத்துக்கு இடத்தைக் காலி செய்வதைச் சொல்லித் தருவதில்லை. அதற்காகவே இந்த விளக்கம். இங்கே விசிட்டர் மூரிங் என்று சொல்வதைத்தான் வருகைத்துறை என்கிறேன்: கால்வாய் வழியே போகிறவர்கள் ஓரிரு நாள் தங்கிப்போக ஒதுக்கிய கரை. படகின் முன்பக்கத்தை நம் கடற்கரை மீனவர்கள் சொல்வதுபோல் அணியம் என்றும், பின்பக்கத்தை அமரம் என்றும் எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு நெரிசல்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. இவ்வளவு நீளத்தில் இடமா இல்லை என்று தோன்றும். இடம் இருக்கிறது; ஆனால் கடை, தண்ணீர்க் குழாய், ரயில் நிலையம் மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கரை மிகக் குறைவு. எல்லோருக்கும் அந்தக் கரைதான் வேண்டும்.

கால்வாய்களும் அகலமானவை அல்ல. குதிரை இழுத்த சரக்குப் படகுகளுக்காக 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வெட்டியவை. பல லாக்குகளின் அகலம் சுமார் 7 அடிதான். அதற்குள் நுழையவே நேரோபோட் என்ற ஒடுங்கிய படகு 6 அடி 10 அங்குல அகலத்தில் கட்டப்படுகிறது. வேல்ஸில் லங்கோலன் என்ற ஊருக்குள் போகும் கால்வாயின் கடைசிப் பகுதியில் இரண்டு படகுகள் விலகவே முடியாத இடங்கள் இருக்கின்றன. ஒருவர் கரையில் முன்னால் நடந்துபோய் எதிரே படகு வரவில்லை என்று கைகாட்டிய பிறகே படகைச் செலுத்துவார்கள்.

லண்டனில் காரணம் வேறு. 1820-இல் திறக்கப்பட்ட ரீஜண்ட்ஸ் கால்வாயில் லிட்டில் வெனிஸிலிருந்து விக்டோரியா பார்க் வரை நடந்து பாருங்கள். பல இடங்களில் இரட்டை வரிசையாகப் படகுகள் நிற்கும். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள் பலர். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இடத்தை முறைவைத்துப் பகிர்ந்தால் அவர்களுக்கும் போதும், நமக்கும் போதும் என்பதுதான் என் கட்சி.

படி 1: புறப்படும் முன்பே வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நின்றிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். அதனால் பழைய படகோட்டிகளின் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லாக்கை ஒரு மைலாகக் கொண்டு, மைல்களோடு கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். 6 மைல், 6 லாக் என்றால் 12. மூன்றால் வகுத்தால் 4 மணி நேரம். புதியவர்கள் இதோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது.

நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் துறைக்குப் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். காலை உணவு முடித்துக் கிளம்புகிறவர்கள் போய்விட்டிருப்பார்கள். மாலையில் வருகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். எங்கள் பிராட்ஃபோர்ட் பயணத்தில் நாங்கள் செய்த பிழை இதுதான்: பாசிக் கயிற்றுப் படகு இல்லாதிருந்தாலும், கோடையில் மாலை ஏழு மணிக்கு அங்கே இடம் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 2: பலகையை இறங்கிப் போய்ப் படியுங்கள்

வருகைத்துறைகளில் 24 மணி நேரம், 48 மணி நேரம், 7 நாள் என்று பலவகை உண்டு. ஒரே துறையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கெடுவும் அந்தப் பக்கம் வேறு கெடுவும் இருக்கலாம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனிக் கெடு எழுதியிருக்கும் இடங்களும் உண்டு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு பவுண்டு என்று சில பலகைகளில் கட்டணமும் போட்டிருப்பார்கள். கட்டிய உடனே பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். வந்த நேரமும் அதில் பதிவாகிவிடும். கெடு வந்துசேர்ந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. மறுநாள் காலையிலிருந்து அல்ல.

பலகையே இல்லாத சாதாரணக் கரைப்பாதையில் 14 நாள்வரை கட்டலாம். நிரந்தரத் துறை இல்லாத படகுகளைப் பற்றி 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் சொல்வதும் இதுவே: உண்மையாகவே பயணம் செய்ய வேண்டும், ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது, சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலம் இருக்கலாம். துறைக்குள்ளேயே பத்தடி தள்ளிக் கட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன் என்று சொல்வது செல்லாது.

படி 3: காலியாக இருப்பதாலேயே கட்டிவிடாதீர்கள்

நெரிசலான ஊரில் ஒரு நீண்ட கரை வெறுமையாகக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். அது லாக்கில் ஆள் ஏறி இறங்குவதற்கான மேடையாக இருக்கும். தனியாகப் படகோட்டுகிறவருக்கு அது இல்லையென்றால் வழியே கிடையாது. நடுக்கால்வாயில் காற்று தள்ளும் படகோடு தவிப்பார். தண்ணீர் பிடிக்கும் இடம், வளைவு, பாலத்தின் அடி, கால்வாய்கள் கூடும் முனை, இவையும் கூடாது. கரையில் அரைவட்டமாக அகலம் வெட்டியிருக்கும் இடத்தைப் புதியவர்கள் நல்ல ஒதுக்கிடம் என்று நினைக்கிறார்கள். அது படகைத் திருப்புவதற்காக விட்ட இடம். 57 அடிப் படகு அந்த இடத்தை விட்டால் அடுத்த திருப்பம்வரை பல மைல் போக வேண்டியிருக்கும்.

படி 4: நெருக்கிக் கட்டுங்கள்

நெரிசலில் பாதி இப்படித்தான் உண்டாகிறது. மூன்று படகுகள் தமக்குள் இருபதடி, இருபதடி இடைவெளி விட்டு நின்றால், நாற்பதடிப் படகு ஒன்றுக்கான இடம் துண்டு துண்டாக வீணாகிறது. உங்கள் அணியத்தை முன்படகின் அமரத்துக்கு இரண்டு மூன்றடி வரை கொண்டுபோங்கள். துறையின் நடுவில் கட்டாமல் ஒரு கோடியிலிருந்து தொடங்குங்கள். யாராவது இடம் தேடி வந்தால், "சற்று நகர்த்துகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். கயிற்றைத் தளர்த்திக் கையால் இழுத்தாலே பதினைந்து டன் படகும் மெல்ல நகரும்.

கயிறு கட்டும் முறை இது. முதலில் படகின் நடுக்கயிற்றோடு ஒருவர் கரையில் கால்வைக்க வேண்டும், தாவக் கூடாது. பிறகு அணியத்துக் கயிற்றை முன்னோக்கியும் அமரத்துக் கயிற்றைப் பின்னோக்கியும், கரைக்குச் சாய்வாகக் கட்டுங்கள். துறையில் இரும்பு வளையம் இருந்தால் அதில். இரும்புத் தகடு அடித்த கரையானால் தகட்டின் பின்னால் கொக்கி மாட்டி அதில். இரண்டும் இல்லையென்றால் மாடு கட்டுவதுபோல முளையடித்துத்தான் கட்ட வேண்டும். முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். கரைப்பாதையின் குறுக்கே கயிறு போகக் கூடாது. முளையின் தலையில் ஒரு வெள்ளைப் பை கட்டிவிட்டால் சைக்கிளில் வருகிறவர் இருட்டிலும் பார்ப்பார். எந்த நிலையிலும் படகுக்கும் கரைக்கும் நடுவில் கையோ காலோ கொடுத்துப் படகை நிறுத்தாதீர்கள்.

லண்டன் போன்ற இடங்களில் ஒரு படகின் பக்கவாட்டில் இன்னொன்றைக் கட்டுவது வழக்கம். பலகை அனுமதிக்க வேண்டும்; அகலப் படகு ஒன்று தாராளமாகக் கடந்துபோகும் அளவுக்கு வழி மிஞ்ச வேண்டும். உள்படகுக்காரரிடம் கதவைத் தட்டிக் கேளுங்கள், அவர் எப்போது கிளம்புகிறார் என்பதையும் சேர்த்து. உங்கள் கயிறுகள் கரைவரை போய்ச் சேரட்டும். அவர் படகில் மட்டும் கட்டினால் இரண்டு படகின் எடையும் அவர் முளையில் தொங்கும். இரவு எட்டு முதல் காலை எட்டுவரை என்ஜினையும் ஜெனரேட்டரையும் ஓட்டாதீர்கள்.

படி 5: இடமே இல்லையென்றால்

கத்த வேண்டாம். நீண்ட நாளாக நிற்பதுபோல் தெரியும் படகு அனுமதி வாங்கி நிற்கலாம். உள்ளே நோயாளி இருக்கலாம். அந்தப் பாசிக் கயிற்றுப் படகைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. படகின் எண்ணையும் இடத்தையும் அறக்கட்டளைக்குத் தெரிவித்துவிடுங்கள். எந்தப் படகு எங்கே நின்றது என்று அவர்களுடைய ஊழியர்கள் கரையில் நடந்து பதிவு செய்கிறார்கள்; விசாரிப்பது அவர்கள் வேலை.

நீங்கள் மேலே போய்க்கொண்டே இருங்கள். ஊரைத் தாண்டி இரண்டு மூன்று பாலம் போனால் கரை பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். படகில் ஒரு மடக்குச் சைக்கிள் இருந்தால் பால் வாங்க ஊருக்குத் திரும்பிவரப் பத்து நிமிடம்தான்.

படி 6: கெடுவுக்குள் கிளம்புங்கள்

முந்தின மாலையே அடுத்த இடத்தை முடிவு செய்யுங்கள். தண்ணீர் பிடிக்க வேண்டிய இடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இடம் தெரியாததால்தான் "இன்னும் ஒரு நாள்" என்று பலர் தங்கிவிடுகிறார்கள்.

என்ஜின் பழுது, உடல்நலக் குறைவு, வெள்ளம், கால்வாய் உறைந்துபோவது ஆகியவற்றால் கிளம்ப முடியாமல் போனால், கெடு முடிவதற்கு முன்பே அறக்கட்டளைக்குச் சொல்லுங்கள். பழுதின் படம், பழுதுபார்ப்பவர் வரும் நாள் இரண்டையும் அனுப்புங்கள். சட்டத்தில் உள்ள அந்த 'நியாயமான கூடுதல் காலம்' இதற்காகத்தான்.

கிளம்பும்போது என்ஜினை முதலில் ஓடவிட்டு, பிறகு கயிறுகளை அவிழுங்கள். முளைகளை எண்ணி எடுத்துவையுங்கள். அணியத்தைக் கையால் வெளியே தள்ளி, எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்து, நின்றிருக்கும் மற்றப் படகுகளைத் தாண்டும்வரை என்ஜினை மிகக் குறைந்த வேகத்திலேயே வைத்திருங்கள். வேகமாகப் போனால் நீர் இழுத்து, பக்கத்துப் படகின் முளை பிடுங்கிக்கொள்ளும். இடம் தேடி எதிரே ஒரு படகு வந்தால், எத்தனை அடி காலியாகிறது என்று குரல் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.