வலியை ஒப்புக்கொடுப்பது எப்படி

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வலி வந்தாலும் அம்மா சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஒப்புக்கொடு." வலியை ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொடு என்று அர்த்தம். பல்வலிக்கும் அதுதான், அப்பா இறந்தபோதும் அதுதான். எப்படி ஒப்புக்கொடுப்பது என்று மட்டும் அம்மா சொன்னதே இல்லை. 47 வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் வந்தபிறகு நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். 11 வருடம் ஆகிறது. எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் குழுவில், ஒரு இளம்பெண்ணுக்குப் போன மாதம் இதே நோய் என்று தெரிந்தது. "எப்படிக்கா தாங்குதீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, வலிக்கிறது என்று ஆண்டவரிடம் சொல்வது. இது லேசாகத் தோன்றும், லேசு இல்லை. நான் தையல்காரி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பிளாஸ்க் மூடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தாடையால் அழுத்திக்கொண்டு திருகுவேன். அந்த நிலையில் "ஆண்டவரே, இந்தத் துன்பத்துக்கு நன்றி" என்று கொஞ்சநாள் சொல்லிப் பார்த்தேன். சுத்தப் பொய். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே செத்தார்கள், நமக்கு ஒரு கைவலி தாங்கவில்லையே என்ற வெட்கத்தில் வந்த பொய் அது.

அவர்கள் அப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கவில்லை. 203-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் சிறையில், கிறிஸ்தவள் என்பதற்காக அடைபட்ட பெலிசித்தா என்ற அடிமைப்பெண் எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலேயே பிரசவவலி வந்து கத்துகிறாள். காவலாளி ஒருவன், "இதுக்கே இப்படி அழுகிறாய், மிருகங்கள் முன்னால் போட்டால் என்ன செய்வாய்?" என்று நக்கல் செய்கிறான். இப்போது படுவதை நானே படுகிறேன், அப்போது எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் படுவார் என்கிறாள் அவள். பெண் குழந்தை பிறந்தது. சில நாளில் அரங்கத்தில் உயிரை விட்டாள். பிரசவவலிக்கு வாய்விட்டு அழுதவள்தான் அவள், திருச்சபை அதை மறைக்கவும் இல்லை. ஆகவே அழலாம். அழுதால் விசுவாசம் குறைந்துவிடாது.

இயேசுவும் சிலுவைக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் முதலில் கேட்டது, இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்றுதான். உமது சித்தம் என்றது அதற்குப் பிறகு. நாம் முதல் பாதியைத் தாண்டிக்கொண்டு ஓடுகிறோம். பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார். நான் முன்னூறு தடவையாவது கேட்டிருப்பேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

அடுத்தது மாத்திரை. என் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "மாத்திரை எடுக்கிறவரை உங்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை" என்றார். நானும் வாரத்துக்கு ஒருநாள் போடும் அந்த மாத்திரையை இரண்டரை மாதம் நிறுத்தினேன். இடதுகையில் இரண்டு விரல் பக்கவாட்டில் கோணிக்கொண்டது. டாக்டரிடம் திரும்பிப் போய் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தபிறகு வீக்கம் வடிந்தது, கோணல் நேராகவில்லை. விசுவாசத்தின் பெயரில் யார் உங்கள் மருந்தை நிறுத்தச் சொன்னாலும் கேட்காதீர்கள். மறைசாட்சியாக இறந்த ஸ்மிர்னா ஊர் ஆயர் போலிகார்ப்பு, தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரைவிட்டு ஒரு தோட்டத்துக்குப் போய் இருந்தவர்தான். பிடிக்க வந்தபோதுதான் ஓடவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். அதே சமயத்தில் குவிந்துஸ் என்றொருவர் தானாகவே போய் நின்றார், மிருகங்களைப் பார்த்ததும் பயந்து விசுவாசத்தை மறுத்துவிட்டார். துன்பத்தைத் தேடிப் போவதை அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களே புகழவில்லை.

இன்னொன்றும் இதோடு சேரும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை 'ஒப்புக்கொடுத்து' வாழச் சொல்வது பெரிய அநியாயம். அது சிலுவை இல்லை, குற்றம். பெண்கள் உதவி எண் 181-க்கு போன் பண்ணுங்கள், அம்மா வீட்டுக்குப் போங்கள், அப்புறம் செபம் சொல்லலாம்.

சரி, இனி ஒப்புக்கொடுப்பதற்கு வருகிறேன். 'என் எல்லா வேதனையையும் உலகம் முழுவதுக்காகவும்' என்று மொத்தமாகக் கொடுத்தால் கையில் எதுவும் நிற்காது. ஒரு நேரம், ஒரு ஆள் என்று வையுங்கள். எனக்கு வலி அதிகம் இருப்பது காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. அந்த நேரத்தில் செபமாலை மணியை உருட்ட வராது. அதனால் விரலிலேயே சொல்கிறேன். பத்து விரல், மாதாவிடம் வேண்டும் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் பத்து. வெந்நீரில் கையை முக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மெதுவாக மடக்குவேன், டாக்டர் சொன்ன பயிற்சியும் அதுதான். ஒரு விரலுக்கு ஒரு ஆள். வலது பெருவிரல் மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு. சுண்டுவிரல் பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சைக்கு. இப்படி வைத்தால் வலி குறையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வலிக்குள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதில் பேரமும் கூடாது. நான் இவ்வளவு வலித்தேன், அவன் பாஸ் ஆகவேண்டும் என்று கணக்குப் போடுவதற்கு இது வட்டிக்கடை இல்லை.

வருடம் ஒருமுறையாவது காற்றாடிமலைக்குப் போவேன். ஆரல்வாய்மொழிக்குப் பக்கம், தேவசகாயம் மவுண்ட் என்றால்தான் பஸ்ஸில் தெரியும். அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது, கல்லால் தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த எங்கள் புனிதர் தேவசகாயம் பிள்ளை இங்கே சுடப்பட்டபோது மலைமேலிருந்து விழுந்த பாறை அது என்பார்கள். என்னால் கல்லைப் பிடித்துத் தட்ட முடியாது, மைனிதான் தட்டுவாள், நான் காதை வைத்துக் கேட்பேன்.

சுடப்பட்டது 1752 ஜனவரி 14. எல்லாரும் அதையே பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய மூன்று வருடம்தான் முக்கியம். நட்டாலத்தில் பிறந்த அவருக்கு முதல் பெயர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அரசில் அதிகாரி. ஆடுமாடு செத்து, நஷ்டப்பட்டு, மனம் உடைந்திருந்தபோது டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டி லனாய் அவருக்குப் பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். பிறந்த நாளையே சபித்த அந்த யோபுதான் எங்கள் புனிதர் விசுவாசத்துக்குள் வந்த வாசல். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், தேவசகாயம் என்ற பெயர். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைது. எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்கார்த்தி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் தண்ணீர் கேட்டு, கிடைக்காமல், செபித்து கைமுட்டால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் பெயர். அற்புதத்தை விடுங்கள், மனுஷன் தண்ணீர் கேட்டிருக்கிறார் பாருங்கள். தாகம் இல்லை என்று நடிக்கவில்லை. நீண்ட வலிக்கு அவர்தான் துணை. ஒரே நாளில் தீரும் வீரத்தைவிட, மரத்தடியில் கட்டிக்கிடந்து இன்னொரு விடியலைப் பார்ப்பது நம் நோய்க்கு நெருக்கம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்தபோது கைதட்ட முடியாமல் முழங்காலில் தட்டினேன்.

சில நாள் எதுவுமே சொல்ல வராது. அன்றைக்குத் திருப்பாடல் 88-ஐ எடுங்கள். ஆறுதல் சொல்லி முடிக்காமல் இருளிலேயே முடிகிற பாடல், அதுவும் பைபிளில்தான் இருக்கிறது. அதையும் வாசிக்க முடியாவிட்டால் வேறு யாரையாவது உங்களுக்காகச் சொல்லச் சொல்லுங்கள். பங்குத்தந்தையிடம் நோயில்பூசுதலும், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கும், கேளுங்கள், அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் இல்லை. எனக்குக் கொடுக்கச் சாமியார் எண்ணெயோடு வந்ததைப் பார்த்து மைனி அலறியடித்து என் மகனுக்கு போன் பண்ணிவிட்டாள். அவன் அங்கே டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள், கோணின விரல் இரண்டையும் யாருக்கு வைத்திருக்கிறேன் என்று. மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்குத்தான். அந்த இரண்டு அருள் நிறைந்த மந்திரத்தையும் இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் சொல்லி முடிக்கிறேன்.