இசைக்கருவி வாசிக்கும்போது கை வலித்து வீங்கினால்

விரல் நுனி எரிச்சல் வேறு, மூட்டும் மணிக்கட்டும் வலிப்பது வேறு. முதலாவது கிட்டார் பழகும் எல்லோருக்கும் வரும், தோல் தடித்ததும் போய்விடும். இரண்டாவது வந்தால் அந்த நிமிடமே வாசிப்பை நிறுத்துங்கள், "இந்த ஒரு பாட்டை முடிச்சிடுறேன்" என்பதுதான் வம்பு.

வீக்கம் தெரிந்தால் முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள், அப்புறம் கழற்ற முடியாமல் போகும். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி 10, 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.

சரி, ஏன் வலிக்கிறது? பெரும்பாலும் தேவைக்கு மேல் அழுத்துவதால்தான். ஒரு சோதனை: கம்பியைச் சும்மா தொட்டபடி மீட்டி, சத்தம் சுத்தமாகக் கேட்கும் வரை அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், எங்கே சுத்தமாகிறதோ அதுவே போதும் (நான் அதைப்போல இரண்டு மடங்கு அழுத்திக்கொண்டிருந்தேன்!). விரலை ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) ஒட்டி வைத்தால் இன்னும் குறைவாகவே அழுத்தலாம். கீபோர்டோ வயலினோ, மணிக்கட்டு அதிகம் மடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். அதற்கும், மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலும், காலையில் விரல் மடக்க முடியாவிட்டாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வலி போனபின் 10 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள், விட்ட இடத்திலிருந்து அல்ல.